பல்லவ அரசியின் உருவத்தை அடையாளம் காண்பது எப்படி?

மாமல்லபுரம் ஆதிவராகர் குடைவரையில் பல்லவ அரசியர் நால்வரின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இவ்வூரில், குன்றின் மேற்குப் பக்கம் பிற்கால மண்டபம் ஒன்றின் பின்னே அமைந்திருக்கும் இக்கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

வடபுறச் சுவரில் அரசன் ஒருவன் அரியணையில் வீற்றிருக்க, இருபுறமும் அரசியர் இருவர் நிற்கிறார்கள். தென்புறச் சுவரில் அரசன் நின்றபடி ஒரு கையால் கருவறையைச் சுட்டி, மறு கையால் அருகிலுள்ள அரசியின் கையைப் பற்றியிருக்கிறான். அவளுக்கு அடுத்து இன்னொரு அரசி. சிற்பங்களுக்கு மேலே பல்லவ கிரந்த எழுத்தில் ‘சிம்ஹவிண்ண போத்ராதிராஜன்’, ‘மகேந்திர போத்ராதிராஜன்’ என்று அரசர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அரசியர் பெயர் எதுவும் இல்லை.

ஆகவே அரசியர் யார் என்பது அரசர் யார் என்பதைப் பொறுத்தது. 1926-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீட்டில் இச்சிற்பங்களை ஆராய்ந்த எச். கிருஷ்ண சாஸ்திரி, இவர்கள் சிம்மவிஷ்ணுவும் அவன் மகன் முதலாம் மகேந்திரவர்மனும் என்றார். முதலாம் நரசிம்மவர்மனும் இரண்டாம் மகேந்திரவர்மனும் என்பது வேறொரு கருத்து. இராசசிம்மனும் அவன் மகன் மூன்றாம் மகேந்திரனும் என்போரும் உண்டு. இக்கோயிலைப் ‘பரமேஸ்வர மகாவராக விஷ்ணு கிருகம்’ என்று சோழர் காலக் கல்வெட்டு குறிப்பதால், பரமேஸ்வரவர்மனுக்கும் இதில் பங்கு உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. எந்தக் கருத்தை ஏற்கிறோமோ அதற்கேற்ப இந்த அரசியரின் காலம் ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரை நகர்கிறது.

முகத்தைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. எகிப்து அரசி கிளியோபாட்ராவின் நாணயங்களில் அவள் பெயரும் முகச்சாயலும் சேர்ந்தே இருப்பதால் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கிறது. பல்லவச் சிற்பி அப்படி முகத்தைப் பார்த்துப் படியெடுக்கவில்லை. மெலிந்த உடல், ஒடுங்கிய இடை, பெரிய காதணி என்ற அழகிலக்கணத்தையே வடித்தான். இதே குடைவரையின் கஜலட்சுமி சிற்பத்திலுள்ள பெண்களுக்கும் அதே உடலமைப்புதான். மகுடமும், அரசனுக்கு அருகில் பெற்ற இடமும், மேலே உள்ள பெயர்ப் பொறிப்புமே நால்வரையும் அரசியர் என்று காட்டுகின்றன.

இதற்கு நேர்மாறான நிலை காஞ்சிபுரத்தில் உண்டு. கைலாசநாதர் கோயிலின் முன்புறச் சிற்றாலயம் ஒன்றில் இராசசிம்மனின் தேவி ரங்கபதாகையின் கல்வெட்டு இருக்கிறது. அங்கே பெயர் கிடைக்கிறது, உருவம் கிடைக்கவில்லை.

இரண்டும் ஒருங்கே கிடைத்த இடம் திருமலை. அங்குள்ள கிருஷ்ணதேவராயர், அவர் தேவியரான திருமலாதேவி, சின்னாதேவி சிலைகளின் தோளில் அவரவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

வாஷிங்டன் ஃபிரீர் கலைக்கூடம் 1929-இல் வாங்கிய சோழர் செப்புத்திருமேனியின் நிலை வேறு. கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியே பார்வதி வடிவில் வார்க்கப்பட்டிருக்கிறார் என்பது பரவலான கருத்து. ஆனால் சிலையில் பெயர் இல்லை. நிற்கும் நிலையும் கை முத்திரையும் அம்மனுக்கு உரியவை. அதனால் அது தேவியின் திருமேனி மட்டுமே என்று கொள்வோரும் உள்ளனர்.

எனவே அரசியின் உருவத்தை அடையாளம் காண்பதில் சிலையிலேயே உள்ள பெயர்ப் பொறிப்புக்கு முதலிடம். சிலை நிறுவப்பட்டதைச் சொல்லும் கோயில் கல்வெட்டு அடுத்தது. மகுடம், அணிகலன், நிற்கும் இடம் ஆகியவை தகுதியை உணர்த்துமே தவிர ஆளைச் சொல்லா. முகச்சாயல் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும். இந்த முறையை ஒதுக்கிவிட்டு ஊகத்தால் பெயர் சூட்டினால், அந்தப் பெயரே நாளடைவில் வரலாறாக நிலைத்துவிடும். ஆதிவராகர் குடைவரையின் நால்வரையும் ‘பல்லவ அரசியர்’ என்று சொல்லி நிறுத்துவதே சான்றுக்குப் பொருந்தும்.