பண்டத்தரிப்புக்கு மேலால் போன பெட்டி

2019 யூன் 17 தொடக்கம் இரண்டாண்டுகளுக்கு மேலாக ஒரு சிறு பெட்டி பூமியைச் சுற்றியது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு மேலாலும் அது பலமுறை போயிருக்கும். அதுதான் ராவணா-1, இலங்கையின் முதலாவது ஆய்வுச் செய்மதி. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர், நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். செய்தவர்கள் தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா விதானகே என்ற இரு இளம் பொறியியலாளர்கள். யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்தில் படித்துக்கொண்டே அதைச் செய்து முடித்தார்கள். மொறட்டுவையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகம் துணை நின்றது.

ரொக்கெட் ஏவாத நாட்டில் விண்வெளி வேலை ஏது என்று கேட்கும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்லவேண்டும். ரொக்கெட் ஒரு வாகனம் மட்டுமே. வேலையில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளும் நிலத்திலும் இருக்கிறது.

400 கிலோமீற்றர் உயரத்தில் இத்தகைய செய்மதி செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்று. பெரும்பாலான சுற்றுகளில் அரை மணித்தியாலத்துக்கு மேல் பூமியின் நிழலில் கிடக்கும். அப்போது சூரியக் கலங்கள் மின் தராது, மின்கலம் குளிரில் சோர்ந்துவிடவும் கூடாது. பழுதானால் போய்த் திருத்த ஆளில்லை. மின்னியல், இயந்திரவியல், கணினி என்று எதைப் படித்த பிள்ளைக்கும் அந்த ஒரு கிலோவுக்குள் வேலை உண்டு. ராவணா-1 பரிசோதித்தவற்றில் ஒன்று, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தரவு அனுப்பும் லோரா தொழினுட்பம். தோட்டத்து மண்ணின் ஈரத்தை அறிவிக்கும் கருவிகளிலும் அதுவே இருக்கிறது. வெங்காயம் செய்கிற ஊரில் இதற்கு இரட்டைப் பயன்.

எனக்கு மிகவும் பிடித்தது நிலத்து வேலை. செய்மதி அடிவானத்தில் எழுந்து மறையப் பத்து நிமிடம் போல ஆகும். நம்மை நோக்கி வரும்போது அதன் வானொலி அலைகள் நெருங்கி அலைவெண் கூடும், விலகும்போது குறையும். 437 மெகாஹேர்ட்ஸில் இந்த மாற்றம் இரு பக்கமும் பத்துக் கிலோஹேர்ட்ஸ் வரை போகும். தெருவில் கடந்துபோகும் அம்புலன்சின் ஒலி மாறுவதும் இதே டொப்ளர் விளைவால்தான். அந்த மாற்றத்தைக் கணித்துப் பின்தொடராவிட்டால் தகவல் கையை விட்டுப் போய்விடும். இதைப் பழக ஆய்வுகூடம் தேவையில்லை. கணினியில் செருகும் சிறிய வானொலி வாங்கியும் வீட்டில் கட்டிய அன்ரனாவும் போதும். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்க்க முற்றத்தில் உயர உயர அன்ரனா நட்ட யாழ்ப்பாணத்துக்கு இது புதிய கலையல்ல. சாட்நொக்ஸ் என்ற திறந்த வலையமைப்பில் உலகெங்கும் ஆர்வலர்கள் இப்படித்தான் செய்மதிகளைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள்.

அடுத்த படிகளும் உண்டு. சிறிய செய்மதிகள் பற்றிக் கியூஷுவில் பட்டமேற்படிப்புப் படிக்க, ஐக்கிய நாடுகளும் யப்பானும் சேர்ந்து உதவித்தொகை தருகின்றன. 2015 இல் தொடங்கிய கிபோகியூப் திட்டம் வளரும் நாடுகளின் செய்மதிகளை விண்வெளி நிலையத்திலிருந்து இலவசமாக விடுவிக்கிறது. நைரோபி பல்கலைக்கழகம் அதன் வழியாகவே கென்யாவின் முதற் செய்மதியை 2018 இல் அனுப்பியது. மொரிசியஸ் 2021 இல் அனுப்பியது.

நைரோபியால் முடிந்தது கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத்தாலும் முடியும். பண்டத்தரிப்பிலிருந்து அங்கு போகும் பிள்ளைகளே, பட்டம் முடியும்வரை காத்திராதீர்கள். முதலாம் வருடத்திலேயே நாலு பேர் சேர்ந்து ஓர் அன்ரனாவைக் கட்டுங்கள்.