நெய்யாற்றங்கரை மண்ணில் வைடூரியம்

கனிமக் கண்காட்சிக்குப் போகிறவர்களில் விவரமானவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. அவர் கல்லைப் பார்ப்பதற்கு முன் அதனடியில் இருக்கும் சீட்டைப் படிப்பார். எந்த நாடு, எந்த ஊர், எந்தச் சுரங்கம் என்று எழுதியிருந்தால் ஒரு விலை. எழுதாவிட்டால் அதே கல் வெறும் பளபளப்பு. அரிசோனாவின் டூசான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய கண்காட்சியிலும் இதுதான் வழக்கம். 1955இல் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆரம்பித்த அது இன்று ஊரையே நிறைக்கிறது. அங்கே போக வசதியில்லாதவர்கள் களியக்காவிளையில் இறங்கி, பாறசாலை, அமரவிளை வழியாக நெய்யாற்றங்கரைவரை ஒரு பகல் சுற்றலாம். இங்கே கற்கள் பிறந்த இடத்திலேயே கிடக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியவை வீடுகளின் அஸ்திவாரமும் சுற்றுச்சுவரும்தான். உள்ளூர்க் குவாரிக் கல்லில் சிவப்பும் ஊதாவும் கலந்த பொட்டுகள் தெரியும். அவை கார்னெட். விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்காக லாரி லாரியாகப் போன பாறைகளிலும் இவை இருந்திருக்கும். லாரிக்காரர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவே.

இந்தப் பாறை ஒரு காலத்தில் களிமண். நீரடியில் படிந்த சேறு பூமிக்குள் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடிவம் பெற்றது. புவியியலாளர்கள் இதைக் கொண்டலைட் என்கிறார்கள். களிமண்ணில் அலுமினியம் அதிகம். அதனால் இந்தப் பாறையிலும் அது மிகுதி. இந்த ஒரு செய்தியில்தான் இப்பகுதியின் ரத்தினக் கதை முழுவதும் இருக்கிறது.

பாறை வெந்த காலத்தின் கடைசிக் கட்டத்தில் அதன் வெடிப்புகளில் உருகிய குழம்பு புகுந்து மெல்ல ஆறியது. பெரிய பெரிய படிகங்கள் கொண்ட அந்த வெள்ளை நரம்புகளுக்குப் பெக்மடைட் என்று பெயர். அக்குழம்பில் பெரிலியம் கொஞ்சம் இருந்தது. பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்கு இரண்டு, மூன்று பங்கே உள்ள அரிய தனிமம் அது. வேறு இடமாக இருந்தால் பெரிலியம் சிலிக்காவோடு சேர்ந்து மரகதத்தின் குடும்பமான பெரில் ஆகியிருக்கும். அலுமினியம் மிகுந்த இடத்தில் அது கிரைசோபெரில் ஆனது. தென் கேரளப் பெக்மடைட்டுகளில் இக்கனிமம் உருவான விதத்தைப் பற்றித் திருவனந்தபுரத்தின் சோமனும் நாயரும் 1985இல் ஒரு பன்னாட்டுக் கனிமவியல் இதழில் எழுதினார்கள்.

கிரைசோபெரில் கடினத்தில் புஷ்பராகத்தைவிட அரைப் படி மேல்: மோ அளவுகோலில் 8.5. அதனுள் ஊசி போன்ற நுண்குழல்கள் ஒரே திசையில் அடுக்கி நின்றால், மேற்புறம் குவிந்திருக்கும்படி இழைத்த கல்லில் ஒளி ஒற்றைக் கோடாகச் சேரும். அதுதான் வைடூரியம். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் ஒரு பாதி பால் நிறமாகவும் மறுபாதி தேன் நிறமாகவும் தெரியும். ஃபேன்சி கடைகளில் பூனைக்கண் என்று விற்கும் பச்சை, நீலக் கற்கள் பெரும்பாலும் கண்ணாடி இழைகள். பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேனடைக் கட்டம் தெரிந்துவிடும்.

கிரைசோபெரிலில் பெரிலியத்தோடு குரோமியமும் சேர்ந்தால் அலெக்சாண்டிரைட். இந்தச் சேர்க்கை அபூர்வம். பெரிலியம் கிரானைட் வகைக் குழம்பிலும், குரோமியம் அதற்கு நேர்மாறான கரும்பாறைகளிலும் குடியிருப்பவை. குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கி, பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய சம அளவில் விட்டுவிடுகிறது. ஆகவே பகலில் பச்சை, குண்டு பல்பின் கீழ் சிவப்பு. இன்றைய நகைக்கடைகளின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் இந்த மாற்றம் சரியாகத் தெரியாது. வாங்க நினைப்பவர் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோவது நல்லது.

இவ்வளவு விலையுள்ள கல் என்றால் தோண்டாமல் விடுவார்களா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு, நெடுமங்காடு பக்கத்து மலைகளிலும் ஆற்றங்கரைகளிலும் அனுமதியில்லாத அகழ்வு பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இரவில் தோண்டிய கல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தோண்டியவர் சொல்ல மாட்டார். எந்த நரம்பு, பக்கத்தில் என்ன பாறை என்ற தகவல்கள் அந்தக் குழியோடு மூடப்படுகின்றன. மோதிரத்தில் ஏறிய கல்லிலிருந்து அவற்றைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய திருட்டாகப் படுகிறது.

மலையிலிருந்து உதிர்ந்ததை ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது. அகத்தியமலையில் புறப்படும் நெய்யாறு பூவாறில் கடலைச் சேர்கிறது. குவார்ட்ஸைவிடக் கனமான மணிகள் கரையில் தங்க, அலை அந்த மணலை முறத்தில் புடைப்பதுபோலப் பிரிக்கிறது. தெற்கே மணவாளக்குறிச்சியில் கரை கறுப்பாக இருப்பதன் காரணம் இல்மனைட். அதோடு கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், தோரியம் உள்ள மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். அப்போது காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது.

புதைபடிவம் தேடுபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். 800 டிகிரியில் வெந்த பாறையில் சிப்பியும் எலும்பும் மிஞ்சாது. கடற்சிப்பிகளுக்கு அஷ்டமுடிக் காயலோரம் படப்பக்கரைக்கோ அரியலூருக்கோ போக வேண்டும். ஆனால் கொண்டலைட்டில் கையில் கறை ஒட்டும் கருஞ்செதில்கள் உண்டு. பென்சிலில் இருக்கும் அதே கிராபைட். உயிர்கள் கார்பனின் நிலையான இரண்டு ஐசோடோப்புகளில் இலேசானதைச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்பவை. பாறை முழுவதும் சிதறிக் கிடக்கும் செதில்களை அளந்தால் அந்தச் சாய்வு இன்னும் தெரிகிறது. அந்தப் பழைய சேற்றில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் மிச்சம் அது. வெடிப்புகளில் நரம்பாக ஓடும் கிராபைட்டில் ஐசோடோப்புகளின் விகிதம் வேறு. அது ஆழத்திலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு விட்டுச்சென்றது. உடைத்தெடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புதான்.