நிலக்கரியும் நிலத்தடி நீரும்

மாலையில் விசையைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. அவ்வொளிக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது என்பதை அறிவோம். ஆனால், அந்நிலக்கரியை வெட்டியெடுப்பதற்காக இரவும் பகலும் நிலத்தடி நீர் இறைக்கப்படுவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் மாநிலத்து நெய்வேலியே இதற்குத் தக்க சான்றாகும்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியில், 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குப் புலனாயிற்று. நீரைத் தேடியவருக்கு நிலக்கரி கிட்டியது. நிலக்கரியைத் தேடியவர்களுக்கோ நீரே பெருந்தடையாக வந்து நின்றது.

அடியிலிருந்து எழும் அழுத்தம்

அங்கே நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே, மணற்பாங்கான அடுக்குகளில் நீர் அடைபட்டுக் கிடக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. சுமார் 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்கு இது சமம். மேலேயுள்ள மண்ணின் பாரமே அதனை அடக்கி வைத்திருக்கிறது. சுரங்கத்திற்காக அம்மண்ணை அகற்றினால், நீர் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இடைவிடாது இறைத்து, அழுத்தத்தைத் தணிக்கின்றனர். இறைப்பு நின்றால் சுரங்கமும் நின்றுவிடும்.

இறைத்த நீர் எங்கே செல்கிறது?

அந்நீர் முழுவதும் வீணாகிறது எனக் கூறுதல் நேர்மையாகாது. அனல்மின் நிலையங்களும் நெய்வேலி நகரியமும் அதனைப் பயன்படுத்துகின்றன. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்திற்கும் சுரங்க நீர் உதவுகிறது. 2017இன் கடும் வறட்சியில் சென்னையின் தாகத்தையும் அது ஓரளவு தணித்தது.

எனினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. ஒருகாலத்தில் தானாகவே நீர் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் அப்பகுதியில் இருந்தன. இன்றோ, சுற்றுவட்டார விவசாயி நூற்றுக்கணக்கான அடிகள் துளையிட வேண்டியுள்ளது. வேளாண்மைக்கு மின்சாரம் இலவசமே. ஆனால் துளையிடும் செலவும் நீர்மூழ்கி மோட்டாரின் விலையும் அவர் தலைமீதே விழுகின்றன. நிலத்தடி நீர் குறைந்ததற்குச் சுரங்கம் மட்டுமே காரணமன்று. வேளாண்மையின் இறைப்பும் நகரங்களின் தேவையும் அதிற் பங்கு கொள்கின்றன. ஆயினும், ஆழமாகத் தோண்ட வசதியற்ற சிறு விவசாயியே முதலில் வாடுகிறார் என்பதை யார் மறுக்க இயலும்?

மழைக்காலத்தில் சுரங்கக் குழியில் சேரும் வெள்ளத்தையும் வெளியேற்றியாக வேண்டும். மண்ணைச் சுமந்து வந்த அந்நீரால் வாலாஜா ஏரி தூர்ந்துபோய், பின்னர் தூர்வாரப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜூலையில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் நடுவே இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பை நாடறியும்.

செய்யத்தக்கவை யாவை?

இறைக்கப்படும் நீரின் அளவும், ஊர்தோறும் கிணறுகளின் நீர்மட்டமும் மக்கள் அறியும்படி மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும். மழைநீர் மண்ணுள் இறங்கும் பகுதிகளின் ஏரி, குளங்கள் காக்கப்பட வேண்டும். எல்லாரும் அளவின்றி இறைத்தால் கடலோர ஊர்களின் நிலத்தடியில் உவர்நீர் புகும் அபாயமும் உண்டு. புகுந்த உப்பு எளிதில் அகலாது.

வாசக சகோதர, சகோதரிகளே! சுரங்கம் நமக்குத் தொலைவில் இருக்கலாம். அதன் பயன் நம் வீட்டுக்குள் இருக்கிறது. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி வீண்விரயமாக்குவது மின்சாரத்தை மட்டுமன்று. எங்கோ ஓர் ஏழை விவசாயியின் கிணற்று நீரையும்தான். நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குப் பின்வரும் தலைமுறைகளும் உரியவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு இன்றே உணர்த்துவோம்.