யானையா, பன்றியா?

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், துணியில் முடிந்த வெள்ளி ரூபாய்கள் நாலைந்து கிடக்கின்றனவா? அவற்றை உருக்கிக் கொலுசு பண்ணச் சொல்வதற்கு முன்னால், ஐந்து நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

கல்வராயன் மலைக்குப் போவதற்காக அன்று கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த புது மாவட்டத்தின் தலைநகர். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு சின்ன வெள்ளிக் கடையில் ஏறினேன். மலையிலிருந்து இறங்கி வந்திருந்த மூதாட்டி ஒருத்தி அங்கே தன் சுருக்குப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வெள்ளி ரூபாய்!

“மாமியா கடுக்கா வித்துச் சேத்த காசு, தம்பி. பேத்திக்குக் கொலுசு வேணும்.”

“எடைதான் ஆயா. ராஜா தலைக்குத் தனி விலை கிடையாது” என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தக் கால ரூபாய் ஒன்று ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. ஆனால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

முதலில் வந்தது விக்டோரியா மகாராணி, 1862. அடேயப்பா, எத்தனை பழசு என்று நினைப்பீர்கள்! ஆனால் பழசெல்லாம் அபூர்வம் அல்ல. 1862 என்ற வருஷத்தையே பொறித்து 1874 வரை அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். இன்றும் அது நிறையக் கிடைக்கிறது.

ஏழாவது நாணயத்தில் என் கை நின்றது. ஐந்தாம் ஜார்ஜ், 1911.

ஜார்ஜ் மன்னரின் முதல் ரூபாய் அது. அவருடைய உருவத்தை அமைத்தவர் பெர்ட்ரம் மெக்கன்னல் என்ற சிற்பி. மன்னரின் மார்பில் கிடக்கும் விருது மாலையில் குட்டி யானை ஒன்றை வைத்தார். தும்பிக்கையும் வாலும் குட்டையாகப் போய்விட்டன. யானை, பன்றியாகத் தெரிந்தது! முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள். தோட்டாவில் தடவிய கொழுப்பால் 1857-ல் பட்ட பாட்டைச் சர்க்கார் மறந்திருக்குமா? கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த சுமார் 94 லட்சம் ரூபாய்களில் வெளியே போயிருந்தவை ஏறக்குறைய 7 லட்சந்தான். மீதி அத்தனையும் உலைக்குப் போயின. 1912 ரூபாயில் தும்பிக்கை பளிச்சென்று தெரிகிறது. நாணயம் சேர்ப்பவர்கள் 1911-க்கு வைத்திருக்கும் பெயரே ‘பன்றி ரூபாய்’.

இதைவிடவும் அரியது ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய். பழைய தரத்தில் வந்த கடைசி ரூபாய் அது. 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆசைக்குத் தகுந்த மோசடியும் உண்டு. 1938-ல் இருக்கும் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்!

வீட்டில் 1911 அகப்பட்டால் உடனே மாடி வீடு கட்டக் கணக்குப் போடாதீர்கள். 7 லட்சம் என்பது சின்ன எண் அல்ல. வெள்ளி விலைக்கு மேல் கிடைப்பது நாணயம் எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் பெண்கள் மாலை கோக்கக் காது பற்றவைத்தவையும், பூஜைக்கென்று புளி போட்டுத் தேய்த்தவையும் மதிப்பில் இறங்கிவிடும். ‘பழைய காசுக்குக் கோடி ரூபாய் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் பட்டென்று வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

நல்லவேளை, மாமியார் இந்த ரூபாய்க்குக் காது வைக்கவில்லை. கடைக்காரர் தம் பூதக்கண்ணாடியை நீட்டினார். கிழவி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“இதுவா யானை? எங்க கொல்லியிலே பூந்து பயிரை அழிக்குதே, அந்தப் பன்னியேதான் கண்ணு!” என்று பொக்கை வாய் தெரியச் சிரித்தாள்.

கடைக்காரர் பத்து ரூபாயை மட்டும் தராசில் வைத்தார். பதினோராவதைக் கிழவி சுருக்குப் பையில் போட்டு இறுக்கினாள்.

“கொலுசு கொஞ்சம் மெலிசாவே இருந்துட்டுப் போவட்டும், தம்பி” என்றாள்.