அம்மாவுக்கு ஒரு பேக்கப் வேணும்

இன்னிக்கு கோடிங் பத்திப் பேசப்போறதில்ல. ஆனா நம்ம ஃபீல்டுல இருந்து ஒரு வார்த்தையைக் கடன் வாங்கிக்கிறேன்: பஸ் ஃபேக்டர். டீம்ல எத்தனை பேர் திடீர்னு காணாமப் போனா ப்ராஜெக்ட் நின்னுடுமோ, அந்த எண்ணிக்கைதான் அது. ஒண்ணுன்னா ஆபத்து. டைப் 1 டயாபடீஸ் இருக்கிற குழந்தையோட வீட்டுல பெரும்பாலும் இது ஒண்ணுதான். அந்த ஒருத்தர், அம்மா.

தாத்தாவுக்கு வர்ற சுகர் வேற, இது வேற. உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை அழிச்சிடுது. ஸ்வீட் அதிகமா சாப்பிட்டதால வர்றதில்ல. வாழ்நாள் முழுக்க தினமும் இன்சுலின் போட்டே ஆகணும். 1922 ஜனவரியில டொராண்டோவுல லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதன்முதலா இன்சுலின் போடுற வரைக்கும், இது வந்த குழந்தைகள் பிழைக்கிறதே அபூர்வம். அதனால, "ஊசியை நிறுத்திட்டு இந்தக் கஷாயம் கொடுத்துப் பாருங்க"ன்னு கல்யாண வீட்டுல யாராவது சொன்னா, அது அக்கறையில சொன்னதா இருந்தாலும் உயிருக்கு ஆபத்தான யோசனை.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில விரல்ல குத்தி சுகர் பார்க்கணும். எத்தனை இட்லின்னு கணக்குப் போட்டு, அதுக்கேத்த யூனிட் போடணும். நாலு இட்லிக்கு ஊசி போட்டாச்சு, பிள்ளை ரெண்டோட எழுந்துட்டான்னா? கணக்கு மொத்தமும் மாறும். பி.டி. பீரியட்ல ஓடினா சுகர் இறங்கும், காய்ச்சல் வந்தா ஏறும். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சுப் பார்க்கிறவங்க உண்டு. இவ்வளவும் ஒரே தலைக்குள்ள. வேலையை விடுறது, மதியம் ஊசியோட ஸ்கூல் வாசல்ல நிக்கிறது எல்லாம் இதனாலதான்.

அரசு பக்கம்? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 21 வகைப் பட்டியல்ல தலசீமியா, ஹீமோஃபிலியா இருக்கு, டைப் 1 இல்ல. கேரளா இந்தக் குழந்தைகளுக்காகவே தனித் திட்டம் நடத்துது. பேரு என்ன தெரியுமா? 'மிட்டாயி'!

சொந்தக்காரங்க, "எது வேணும்னாலும் கேளுங்க"ன்னு சொல்வாங்க. நல்ல மனசுதான். ஆனா கேக்குறதுக்கே தெம்பு வேணுமே. என்னைக் கேட்டா, ஆப்பிள் வாங்கிட்டு வர்றதை விட, "அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வர்றேன், ஊசி போடக் கத்துக்கிறேன்"னு சொல்ற சித்தியோ மாமாவோ பக்கத்து ஃப்ளாட் அக்காவோதான் பெரிய உதவி.

முதல்ல கத்துக்க வேண்டியது லோ சுகர். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், சோர்வு. மீட்டர்ல 70-க்குக் கீழே காட்டினா உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணியோ கொடுக்கணும். பொதுவா 15 கிராம், சின்னக் குழந்தைன்னா டாக்டர் சொன்ன அளவு. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். சாக்லேட் இந்த நேரத்துக்கு உதவாது, அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

கிளாஸ் டீச்சருக்கும் இவ்வளவு தெரிஞ்சா போதும். சி.பி.எஸ்.இ. 2017-லயே பொதுத்தேர்வு ஹாலுக்குள்ள இந்த மாணவர்கள் சுகர் மாத்திரை, பழம், சாண்ட்விச் கொண்டுபோக அனுமதிச்சிடுச்சு. சாதாரண வகுப்புல ஒரு பாக்கெட் குளுக்கோஸைப் பையில வச்சுக்க, எந்த ஸ்கூலும் சர்க்குலருக்காகக் காத்திருக்கத் தேவையில்ல.