காசிக்குப் போறோம்!

அரையாண்டு லீவுக்கு நாங்க காசிக்குப் போறோம். திட்டம் போட்டது நான்தான்!

ஏன் டிசம்பர்? மே மாத வெயில் பாட்டிக்கு ஆகாது. ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கை பெருகினால் படித்துறைகள் முங்கிவிடும், படகு ஓடாது. டிசம்பரில் பனிமூட்டத்தால் ரயில் தாமதமாகலாம். அதனால் ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

"விசுவநாதரைப் பார்த்தா போதும்டா" என்றார் பாட்டி. ஆனால் காசி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. சுமார் 10 கி.மீ. தள்ளி சாரநாத். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற சிங்கச் சின்னத்தின் அசல் அங்கே அருங்காட்சியகத்தில் உள்ளது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை! நான் முதலில் குறித்திருந்ததும் வெள்ளிதான். நல்லவேளை, சமூக அறிவியல் சார் சொன்னார்; வியாழனுக்கு மாற்றிவிட்டேன். 23-ஆம் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் பிறந்ததாகச் சமணர்கள் போற்றும் பேலுப்பூரும் காசியில்தான். கபீர் வாழ்ந்ததும், பிஸ்மில்லா கான் ஷெனாய் வாசித்ததும் இதே ஊரில்தான்.

ஒரே கவலை, பாட்டியின் முழங்கால். படித்துறைகளில் படிகள் அதிகம். எல்லாவற்றையும் கேட்ட பாட்டி, "படி இறங்க உன் தோளைக் குடு. உன் சிங்கத்தைப் பாக்க நானும் வர்றேன்" என்றார்.

அதையும் திட்டத்தில் எழுதிவிட்டேன்!