சூரியகாந்தி இலெசிதினின் பயன்கள்

எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா. அவற்றை இணைத்துவைப்பது இலெசிதின். முட்டை மஞ்சட்கருவில் இதனைக் கண்டறிந்த பிரான்சிய இரசாயன அறிஞர் கோப்ளே, 1850 ஆம் ஆண்டில் இப்பெயரிட்டார். சூரியகாந்தி எண்ணெயுடன் வெந்நீர் சேர்த்துக் கலக்கும்போது பசைபோற் பிரிவதை உலர்த்தியே சூரியகாந்தி இலெசிதின் பெறப்படுகின்றது.

ஒரு கிலோகிராம் மாவுக்கு ஏறக்குறைய 5 கிராம் இலெசிதினை எண்ணெயிற் கரைத்துப் பிசைந்தால், பாண் மென்மை குன்றாதிருக்கும். சோயா ஒவ்வாதவர் சோயா இலெசிதினுக்குப் பதிலாக இதனைக் கொள்ளலாம்.

இதிலுள்ள கோலின் ஈரலின் நலனுக்கு இன்றியமையாதது. ஆயினும் இது நோய் தீர்க்கும் மருந்தன்று. ஒரு முட்டையிலேயே ஏறத்தாழ 150 மில்லிகிராம் கோலின் உண்டு. மீனும் சோயா அவரையும் அதனைத் தருவன. ஆதலின், பிள்ளைகளின் அன்றாட உணவைக் குறைத்து இதனை வாங்குதல் வேண்டா.